உள்ளபடி சொன்ன வாக்கியங்கள்

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. குவாரியில் மற்ற எல்லா இடத்திலும் அவர் உள்ளபடி. எதைக் கேட்டாலும் "உள்ளபடி சொல்லணும்னா" என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்ததோடு நிற்காமல் உள்ளபடியே சொல்லியும் தொலைப்பார். சங்கடமெல்லாம் அதில்தான்.

ஒருமுறை கணக்கர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். "கழுத்துல இறுக்குதுங்க, அதான் மூச்சு வாங்கறீங்க" என்று பதில் வந்தது. மெக்கானிக் ஒருவர் ஓய்வு பெற்ற நாளில், நாலு வார்த்தை பேசுங்கள் என்று உள்ளபடியை மேடையில் ஏற்றிவிட்டார்கள். யார் செய்த புண்ணியமோ. அவர் மைக்கைப் பிடித்து, "இவர் போறதுல எனக்கு வருத்தம் இல்லைங்க. இவர் ஸ்பேனரும் இவரோட போகுதே, அதுதான் வருத்தம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு யார் பெண் கொடுத்தது என்று கேட்கலாம். கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண்ணின் அப்பா சம்பிரதாயத்துக்குக் கேட்டார், "மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?" உள்ளபடி கொஞ்சம் யோசித்தார். "குறட்டை விடுவேன். காலையில முகம் கழுவறதுக்கு முன்னாடி யார் பேசினாலும் எரிஞ்சு விழுவேன். காசு எண்ணும்போது ரெண்டு தடவை தப்பு வரும்" என்றார். உள்ளே இருந்த பெண், இவரே போதும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பின்னாளில் அவள் அதை நினைத்துச் சிரித்ததும் உண்டு, தலையில் அடித்துக்கொண்டதும் உண்டு.

உள்ளபடியின் வேலை மண் அள்ளும் மிஷின் ஓட்டுவது. பெரிய கரண்டி போன்ற அதன் பக்கெட்டால் ஒரு கூழாங்கல்லைக்கூடத் தனியாகப் பொறுக்கி எடுப்பார் என்று பேச்சு. கை நன்றாகத்தான் இருந்தது, முதுகுதான் போய்விட்டது. கல்லின் மேல் நின்று கல்லை அள்ளுகிற மிஷின் நாள் முழுக்க ஆளைக் குலுக்கி எடுத்தால் எந்த முதுகு தாங்கும்? "மிஷினா முதுகெலும்பா, ஏதாவது ஒண்ணை வச்சுக்கோங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேரம் பார்த்து ஃபோர்மேன் வேலை காலியானது. அதில் மிஷின் இல்லை. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும், ஷிஃப்ட் முடிந்ததும் அறிக்கை எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலை கிடைக்காவிட்டால் முதுகு விழுகிற வரை மிஷின்தான். இதை அவரும் அறிவார், அவர் மனைவி அவரைவிட நன்றாக அறிவாள்.

நடுவில் ஒரு முட்டுக்கட்டை வந்தது. பழைய ஃபோர்மேன் தன் காலம் முழுவதும் எல்லா அறிக்கையிலும் "வேலை நடந்தது" என்றே எழுதியிருந்தார். கல்லை நொறுக்கும் கிரஷர் தீப்பிடித்து எரிந்த அன்றும் வேலை நடந்தது. தலைமை அலுவலகத்துக்காரர்கள் இதைக் கண்டுபிடித்துக் கொதித்துப் போனார்கள். இனி ஃபோர்மேன் ஆக வேண்டுமானால் மொழித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். தொழில் சம்பந்தப்பட்ட சொற்களைத் தருவார்கள். ஒத்த சொல், எதிர்ச்சொல், வாக்கியத்தில் அமைத்தல், எல்லாம் வாய்மொழியாக. "தோண்டு" என்ற சொல்லும் அதன் சொந்தபந்தங்களும்தான் பாடம்.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி, சமையலறையில் அவரை உட்காரவைத்துப் பாடம் ஆரம்பித்தாள்.

"தோண்டு. ஒரு வாக்கியம் சொல்லுங்க."

"நீ ஒண்ணு சொல்லிக் காட்டு."

"ராஜா கிணறு தோண்டினார்."

"எந்த ராஜா?"

"ஏதோ ஒரு ராஜா."

"எங்கே?"

"எங்கேயோ! அதுவா இப்ப முக்கியம்?"

"கிணறு தோண்டறது ஆளுங்க. ராஜா நிழல்ல நின்னிருப்பார். நடக்காததை நடந்த மாதிரி எப்படிச் சொல்றது?"

"இது வெறும் உதாரணம்ங்க. உதாரணத்துல யாரும் சாட்சி கேக்க மாட்டாங்க."

"நான் கேப்பேனே" என்றார் உள்ளபடி. கேட்பார்தான். அது அவருக்கு ஒரு வியாதி என்றே சொல்லலாம். நடக்காத ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் இதே காரணத்துக்காக அடி வாங்கியவர்.

அன்று முழுக்க மல்லாடிப் பார்த்துவிட்டு மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். "பொய் வரலைன்னா போகட்டும். எல்லாத்தையும் நெசமா நடத்திக் காட்டிட்டாப் போச்சு!"

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. "தோண்டு" என்பதற்காகக் கொல்லைப்புறத்தில் குழி தோண்டினார்கள். "புதை" என்பதற்காக, உள்ளபடியின் அண்ணன் பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைத் துணியில் சுற்றிப் புதைத்தார்கள். கண்ட நேரத்தில் கண்டபடி அடிக்கும் கடிகாரம் அது. அதை ஒழித்துக்கட்ட மனைவி வருஷக்கணக்காகக் காத்திருந்தாள் என்பது வேறு விஷயம். "மூடு" என்பதற்காகக் குழியை மூடினார்கள். "சுரண்டு" என்பதற்காக ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே தீய விட்டு, அடியைச் சுரண்டினார்கள். "கிளறு" என்பதற்குத்தான் செலவே இல்லை. மனைவி தன் அம்மாவுக்குப் போன் போட்டு, கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாள். அதற்குமேல் அவள் பேச வேண்டியிருக்கவில்லை. போன் சூடாகிற வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என் மாமியார் பழைய கதையைக் கிளறினார்" என்று உள்ளபடி மனநிறைவோடு மனப்பாடம் செய்துகொண்டார்.

"அகழ்" என்ற சொல்தான் படுத்தி எடுத்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் படிக்கும் மகள் யோசனை சொன்னாள். "அப்பா, நீ தோண்டின குழியையே அகழ்ந்தேன்னு சொல்லிடேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

"தோண்டும்போது எனக்கு அகழற மாதிரி தோணலைம்மா" என்றார். மகள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இதற்கிடையில், புதைத்த கடிகாரம் மண்ணுக்குள் இருந்து மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டினார். "என்னங்க புதைச்சீங்க?"

"எங்கண்ணன் கொடுத்ததை" என்றார் உள்ளபடி.

"அது இன்னும் உசுரோட இருக்கும்போலிருக்கே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இரண்டு நாள் அவர் கொல்லைப் பக்கமே வரவில்லை.

"குடை" என்பதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தையல் மிஷினுக்குப் பின்னால் ஒரு எலி ஏற்கெனவே அந்தக் கைங்கரியத்தை முடித்து வைத்திருந்தது. "எலி சுவரைக் குடைந்தது." பொய் இல்லை, யாருக்கும் நோகாது. மனைவிக்கு அந்த வாக்கியத்தின்மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

தேர்வு நாள் காலையில் உள்ளபடி மிஷினை எடுக்கக் குவாரிக் குழிக்குள் இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

குவாரியின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு மண்பாதை போகிறது. ஆட்கள் வந்துபோகும் பஸ், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கொண்டுவரும் பஸ், எல்லாம் அந்த ஒரே பஸ்தான், அந்தப் பாதையில்தான். அதற்கு நேர் கீழே நல்ல வெள்ளைக் கல் இருந்தது. மேலே இருந்து படிப்படியாக வெட்டி வந்தால்தான் கல் நிற்கும். ஆனால் முந்தைய ஷிஃப்ட்காரர்கள் பக்கவாட்டில் குடைந்து, பாதைக்கு அடியிலேயே போய் அந்தக் கல்லை எடுத்திருந்தார்கள். மேலே பாதை கூரைபோல நீட்டிக்கொண்டு நின்றது. அதன் கீழ் ஒரு லாரியை நிறுத்தலாம். உள்ளபடி மேலே ஏறிப் போய்ப் பார்த்தார். பாதையின் குறுக்கே ஒரு விரிசல். விரலை விட்டுப் பார்த்தார், விரல் முழுக்க உள்ளே போனது.

நேராக மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர் பதறவில்லை. "எனக்குத் தெரியும்யா. இப்பவே பாதையை அடைக்கச் சொல்லிடறேன். இன்னிக்குத் தேர்வுக்கு வெளியாள் வராங்க, அவங்ககிட்ட இதைப் போய் உளறி வைக்காதே. நாளைக்கு நீதான் ஃபோர்மேன், நீயே நின்னு சரி பண்ணிக்கோ" என்றார்.

உள்ளபடி நிம்மதியாகத் திரும்பினார். பொய் சொல்லத் தெரியாதவர்களிடம் இந்த ஒரு கோளாறு உண்டு. அடுத்தவன் சொல்வதையும் அப்படியே நம்பிவிடுவார்கள்.

தேர்வு மேனேஜரின் அறையில் மத்தியானம் நடந்தது. தேர்வு வைக்க வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. காட்டன் புடவை, மடியில் ஒரு கைப்பை, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. பக்கத்தில் மேனேஜர் தன் வண்டிச் சாவியைக் காதுக்குள் விட்டுத் திருகிக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"தோண்டு. இதுக்கு ஒத்த சொற்கள் சொல்லுங்க."

"எதைத் தோண்டறதுங்கம்மா?"

"எதையோ வச்சுக்கோங்களேன்."

"மணல்னா அள்ளு. மண்ணுனா வெட்டு. கல்லுனா உடை. கிழங்குனா பறி. எல்லாத்துக்கும் தோண்டுன்னு சொன்னா எங்க ஆளுங்க எதை எடுத்துட்டு வரதுன்னு தெரியாம நிப்பாங்க."

ஆசிரியை தலையாட்டிக்கொண்டார். "எதிர்ச்சொல்?"

"மூடு. நிரப்பு. இங்கே அந்த வார்த்தைக்கு வேலை இல்லைங்கம்மா. தோண்டினதை மூடணும்னு சட்டம் இருக்கு, மூடினதில்லை."

மேனேஜர் இருமினார். ஆசிரியை உற்சாகமாகிவிட்டார். வாக்கியங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். கடிகாரத்தைப் புதைத்தது, சட்டியைச் சுரண்டியது, மாமியார் கிளறியது எல்லாம் வரிசையாக வந்தன. மாமியார் வாக்கியத்துக்கு ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். "அகழ்" என்றதும், "அதை இதுவரைக்கும் செஞ்சதில்லைங்கம்மா" என்று உள்ளபடி கைவிரித்தார். சரி போகட்டும் என்று, வீட்டுப் பாடத்தில் இல்லாத ஒரு சொல்லைக் கேட்டார் ஆசிரியை.

"நோண்டு."

உள்ளபடி திகைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை ஒரு இடத்தில் நின்றது. முகம் தெளிந்தது.

"மேனேஜர் சார் வண்டிச் சாவியால காதை நோண்டறார்."

சாவி காதிலிருந்து வெளியே வந்தது. மேனேஜரின் காது சிவந்தது, பிறகு முகம் சிவந்தது. ஆசிரியை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இலக்கணப்படி சரிதான்" என்றார்.

"கடைசியா ஒண்ணு. குடை."

எலி நாக்கு நுனியில் நின்றது. உள்ளபடி வாயைத் திறந்தார். அப்போதுதான் ஆசிரியைக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது, அதே பாதையில், அதே விளிம்பில். பாதையை யாரும் அடைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ் நிறையப் பிள்ளைகள் இருக்கும். ஜன்னலோர இருக்கைதான் வேண்டும் என்று தினமும் சண்டை பிடிக்கிற அவர் மகளும் இருப்பாள்.

மேனேஜரைப் பார்த்தார். மேனேஜரும் ஜன்னலைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். தலையை இடமும் வலமுமாக மெல்ல ஒரு ஆட்டு ஆட்டினார்.

இத்தனை வருஷமும் உள்ளபடி யோசித்து உண்மை பேசியவரல்ல. தும்மல்போல அதுபாட்டுக்கு வரும். இன்று அப்படி இல்லை. எலியும் உண்மைதான். அதைச் சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. விசில் கழுத்துக்கு வரும், முதுகு பிழைக்கும், மனைவி அழுதுகொண்டே சிரிப்பாள். நாற்காலியில் சாய முடியாத முதுகு வலித்தது.

"பஸ் போற பாதைக்கு அடியில குடைஞ்சு கல்லை எடுத்துட்டாங்க" என்றார். "பாதையில விரிசல் விட்டிருக்கு."

ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் அந்தப் பாதையிலதானே வந்தேன்?" என்றார் ஆசிரியை.

"ஆமாங்கம்மா."

"அதுலதானே திரும்பிப் போகணும்?"

மேனேஜர் பெரிதாகச் சிரித்தார். "மேடம், நீங்க வாக்கியம் கேட்டீங்க, அவர் வாக்கியம் சொன்னார். உதாரணம்தானே, கற்பனைதானே!" பிறகு இந்தப் பக்கம் திரும்பி, குரலைத் தழைத்து, "உதாரணத்துக்குத்தானே சொன்னே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ பாஸ்" என்றார்.

உள்ளபடி ஜன்னலைக் காட்டினார். "உதாரணம் இல்லை சார். காலையில உங்ககிட்டதான் வந்து சொன்னேன். அடைக்கறேன்னு சொன்னீங்க, நம்பிட்டேன். பஸ் இப்பதான் போச்சு. பிள்ளைங்களை ஏத்திட்டுத் திரும்பி வரும்."

ஆசிரியை மேனேஜர் கையிலிருந்த வண்டிச் சாவியை ஒரு பார்வை பார்த்தார். "இவர் இதுவரைக்கும் சொன்னதுல எது பொய்?" என்று கேட்டுக்கொண்டே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க, போய்ப் பாப்போம்."

மூன்று பேரும் வெயிலில் நடந்து பாதைக்குப் போனார்கள். ஆசிரியை விரிசலைக் குனிந்து பார்த்தார். மேனேஜர் கைகளை விரித்து, "பழைய விரிசல் மேடம். மழையில வந்தது. யானை நடந்தாக்கூட ஒண்ணும் ஆகாது" என்றார்.

"யானையை எங்கே தேடறது? நீங்க போய் நில்லுங்க."

"நானா?"

"ஒண்ணும் ஆகாதுன்னீங்களே. அந்த விளிம்புல போய் நின்னு சொல்லுங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டு அந்த பஸ்லயே போறேன்."

எத்தனையோ பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் ஏற்றிய குரல் அது. மேனேஜர் தன்னையறியாமல் நடந்தார். விரிசல்வரை போனார். அதைத் தாண்டி ஒரு காலை வைத்தார். கீழே எங்கோ சலசலவென்று கல் உதிரும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வந்த வேகத்தில் ஒரு செருப்பு விரிசலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு, மூச்சு வாங்க, பஸ் டிரைவருக்கு அவரே போன் போட்டார். "வராதே. எங்கே இருக்கியோ அங்கேயே நிறுத்து. பிள்ளைங்க இறங்கிச் சுத்து வழியில நடந்து வரட்டும்."

அந்தச் செருப்பை எடுக்கக் கடைசிவரை யாரும் போகவில்லை.

தேர்வு முடிவை மேனேஜர் அன்று மாலையே சொல்லிவிட்டார். மொழியில் உள்ளபடி தேறிவிட்டார், ஆசிரியை முழு மதிப்பெண் போட்டிருக்கிறார், அதை மாற்ற முடியாது. "ஆனா ஃபோர்மேன்னா அனுசரிச்சுப் போற ஆளா இருக்கணும். உனக்கு மிஷின்தான் சரி." அதைச் சொன்னபோது அவர் வேறு செருப்பு போட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கிடைச்சுதா?"

"இல்லை."

"எலியைச் சொன்னீங்களா?"

"இல்லை."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அதை ஒண்ணைச் சொல்றதுக்கு என்னங்க? நெசமான எலிதானே! நானா கொண்டு வந்து விட்டேன்? இனி அந்த மிஷின்லயே குலுங்கிக் குலுங்கிச் சாகப் போறீங்களா? கல்யாணத்தன்னிக்கே எங்கப்பா யோசிச்சிருக்கணும்!" கண்ணீர் வழிய, அளவு நாடாவைக் கழற்றித் தரையில் அடித்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று உள்ளபடிக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள். முழங்கால்வரை புழுதி. பையை ஒரு மூலையில் எறிந்தாள், செருப்பை இன்னொரு மூலையில் உதறினாள். "எவனோ பாதை இடியப் போகுதுன்னு கிளப்பி விட்டு பஸ்ஸை நிறுத்திட்டானாம்! எல்லாரும் சுத்து வழியில நடந்தே வந்தோம். காலெல்லாம் கொப்புளம். யாருன்னு மட்டும் தெரிஞ்சுது..."

"நான்தாம்மா" என்றார் உள்ளபடி.

மனைவி அவரைப் பார்த்தாள். மகளின் காலைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். அப்புறம் மகளை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டாள். அந்தப் பெண், "விடும்மா, வேர்வை நாத்தம்மா, என்ன ஆச்சு உனக்கு?" என்று திமிறியும் விடவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் விட்டாள்.

தரையில் கிடந்த நாடாவை எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து தைலப் புட்டியை எடுத்தாள். "சட்டையைக் கழட்டிட்டுக் குப்புறப் படுங்க" என்றாள்.

படுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பிலிருந்து மேல்நோக்கி அழுத்தித் தேய்த்தாள். முதுகெலும்பின் நடுவில் ஒரு இடத்தில் அவள் விரல் பட்டதும் அவர் உடம்பு துள்ளியது.

"ரொம்ப வலிக்குதாங்க?" என்றாள்.

"வலிக்குது" என்றார்.

அவள் கை அப்படியே நின்றது. முதுகில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தது. அது தைலம் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாமோ என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.